வெள்ளரிப்பழத்தின் குலமரம்: குறிப்பான்கள் சொல்வதும் சொல்லாததும்

கோடை பிறந்ததும் சாலையோரங்களில் வெள்ளரிப்பழம் வந்துவிடும். மஞ்சள் நிறம், தோல் வெடித்து, மாவு போன்ற வெளிறிய சதை வெளியே தெரியும், சிதறிப் போகாமலிருக்க ஓலையால் சுற்றிக் கட்டியிருப்பார்கள். வெல்லமோ சர்க்கரையோ சேர்த்து நீங்களும் உண்டிருப்பீர்கள். வெள்ளரிக்காய் முற்றிப் பழுத்தால் வெள்ளரிப்பழம் என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அது சரியன்று. வெள்ளரிக்காயின் உயிரணுவில் இருப்பவை 14 குரோமோசோம்கள். வெள்ளரிப்பழத்தின் உயிரணுவில் இருப்பவை 24. முன்னது ‘குக்குமிஸ் சட்டைவஸ்’ என்னும் இனம். பின்னது ‘குக்குமிஸ் மெலோ’ என்னும் இனம்; அதாவது, பழக்கடையில் வலைபின்னிய தோலுடன் அடுக்கி வைத்திருக்கிறார்களே, அந்த முலாம்பழத்தின் இனம். பெயர் காட்டும் உறவு ஒன்று. உயிரணு காட்டும் உறவு வேறொன்று.

உயிரணுவுக்குள் இருக்கும் சான்றைக் கொண்டு உறவை அறியும் கலை கடந்த நாற்பது ஆண்டுகளில் பெரிதும் வளர்ந்துவிட்டது. அதன் கருவிகளுக்கு மரபுக் குறிப்பான்கள் என்று பெயர். முலாம்பழ வகைகளைப் பற்றி இக்குறிப்பான்களைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வுகள் ஏராளம். பெரும்பாலானவற்றின் முடிவில் கிளை கிளையாகப் பிரியும் குலமரப் படம் ஒன்று இருக்கும். அந்த மரத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்? அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை? இக்கட்டுரையில் அதைச் சற்று எடை போட்டுப் பார்ப்போம்.

ஓர் இனம், பல உருவம்

முலாம்பழ இனத்தின் உருவ வேறுபாடு வியப்புக்குரியது. பாம்பு போல் நீண்டு வளைந்து, பிஞ்சாகவே உண்ணப்படும் வகையுண்டு. வட இந்தியாவின் கக்கடி அத்தகையது. உள்ளங்கையில் அடங்கி, மணத்துக்காகவே போற்றப்படும் ‘துதாயிம்’ வகையுண்டு. பச்சைத் தோலில் புள்ளிகள் படர்ந்த, ‘தேரைத் தோல்’ என்று பொருள்படும் பெயரையுடைய ஸ்பானிய வகையுண்டு. இனிப்பே இல்லாமல் புளித்து, குழம்புக்கும் ஊறுகாய்க்கும் ஆகும் தென்னிந்திய வகைகள் உண்டு. வெடித்துச் சிதறும் நமது வெள்ளரிப்பழம் ‘மொமார்டிகா’ என்னும் குழுவைச் சேர்ந்தது.

இவற்றை வகைப்படுத்த முதலில் முறையாக முயன்றவர் பிரெஞ்சுத் தாவரவியலார் நோதேன். 1859-ஆம் ஆண்டில் அவர் பழத்தின் உருவத்தை வைத்துக் குழுக்களைப் பிரித்தார். 1980-இல் ஜெஃப்ரி என்பவர் பூவின் சூலகத்தில் உள்ள மயிர்களை நோக்கினார். மயிர் குட்டையாகப் படிந்திருந்தால் ‘அக்ரெஸ்டிஸ்’ என்னும் துணையினம். நீண்டு பரந்திருந்தால் ‘மெலோ’ என்னும் துணையினம். 2008-இல் பித்ரா என்பவர் இவ்விரண்டின் கீழும் பதினாறு குழுக்களை வகுத்தார்.

சூலக மயிரும் ஒரு குறிப்பான்தான் என்பதைக் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரிவதும், பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவதுமான ஓர் அடையாளம் அது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள் சிலவே. மண்ணும் நீரும் வெயிலும் அவற்றில் பலவற்றை மாற்றிவிடும். ஒரே விதையைக் கரிசலில் போட்டால் ஒரு பருமன், மணலில் போட்டால் ஒரு பருமன். ஆகவே, சூழ்நிலையால் மாறாத அடையாளங்களைத் தேடி விஞ்ஞானிகள் உயிரணுவுக்குள் நுழைந்தனர்.

நொதியிலிருந்து எழுத்து வரை

முதலில் கிடைத்தவை நொதிகள். ஒரே வேலையைச் செய்யும் நொதி, இரு செடிகளில் சற்றே வேறுபட்ட வடிவங்களில் இருக்கக்கூடும். மின்புலத்தில் ஓடவிட்டால் ஒன்று முந்தும், மற்றது பிந்தும். 1981-இல் எஸ்கினாஸ் அல்காசார் என்பவர் ஸ்பெயின் நாட்டு முலாம்பழ நாட்டு வகைகளை இம்முறையில் ஆராய்ந்தார்.

அடுத்து டி.என்.ஏ.யையே நேராகப் பார்க்க வழி பிறந்தது. 1990-இல் வந்த ‘ராப்ட்’ என்னும் முறையில், பத்து எழுத்துள்ள சிறு துண்டு ஒன்றைக் கொண்டு டி.என்.ஏ.யின் சில பகுதிகளைப் பெருக்குவார்கள். கூழ்மத் தகட்டில் கோடுகள் தோன்றும். ஒரு வகையில் இருக்கும் கோடு மற்றொன்றில் இராது. செலவு குறைவு, ஆனால் வெப்பநிலையோ நொதியோ சற்று மாறினாலும் கோடுகள் மாறும். ஓர் ஆய்வகத்தின் முடிவு மற்றோர் ஆய்வகத்தில் அப்படியே கிடைப்பதில்லை என்பது இதன் பெருங்குறை.

இதைவிட உறுதியானவை ‘நுண் தொடர்கள்’. டி.என்.ஏ.யின் சில இடங்களில் இரண்டு மூன்று எழுத்துகள் திக்குவாய் போலத் திரும்பத் திரும்ப வரும். ஒரு வகையில் எட்டு முறை, மற்றொன்றில் பதினொரு முறை என்று அந்த எண்ணிக்கை மாறும். 1996 முதல் முலாம்பழத்தில் இவை பயன்பட்டு வருகின்றன. இறுதியாக, ஒற்றை எழுத்து வேறுபாடுகளையே இலட்சக் கணக்கில் படிக்கும் காலம் வந்தது. 2012-இல் முலாம்பழத்தின் முழு மரபுத்தொகுதி வெளியாயிற்று. சுமார் 45 கோடி எழுத்துகள். அவற்றுள் 27,427 மரபணுக்கள் என்று கணித்தார்கள்.

மரம் முளைக்கும் விதம்

குறிப்பான்களிலிருந்து குலமரம் எப்படி வருகிறது? அ, ஆ, இ என்று மூன்று வகைகளை எடுத்துக் கொள்வோம். பத்துக் குறிப்பான்களால் அவற்றைச் சோதிக்கிறோம். அ-வும் ஆ-வும் ஏழு குறிப்பான்களில் ஒத்திருக்கின்றன. அ-வும் இ-யும் ஆறில் ஒத்திருக்கின்றன. ஆ-வும் இ-யும் ஐந்தில்தான் ஒத்திருக்கின்றன. ஆகவே அ-வும் ஆ-வும் ஒரே கிளையில்; இ தனிக் கிளையில். மரம் முளைத்துவிட்டது.

இப்போது பத்தில் இரண்டே இரண்டை மாற்றுவோம். அ-வும் ஆ-வும் ஒத்து, இ மட்டும் வேறுபட்ட இரு குறிப்பான்களை நீக்கிவிட்டு, அ-வும் இ-யும் ஒத்து, ஆ மட்டும் வேறுபடும் இரு குறிப்பான்களைச் சேர்க்கிறோம். கணக்கைப் பாருங்கள்: அ-ஆ ஒற்றுமை ஐந்தாகக் குறைகிறது, அ-இ ஒற்றுமை எட்டாக உயர்கிறது. நேற்று வரை தனித்திருந்த இ, இன்று அ-வின் உடன்பிறப்பு! விதையும் மாறவில்லை, செடியும் மாறவில்லை.

எனவே முதல் கேள்வி எண்ணிக்கை பற்றியது. இருபது நுண் தொடர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினால், 45 கோடி எழுத்துகளில் சுமார் இரண்டேகால் கோடி எழுத்துக்கு ஓரிடம் என்ற கணக்கில் தொட்டுப் பார்க்கிறோம் என்று பொருள். பெரிய கிளைகளைக் காண இது போதும். நுனிக் கிளைகளை நம்பப் போதாது. நல்ல ஆய்வாளர்கள் இதை அறிவார்கள். குறிப்பான்களை மாற்றி மாற்றிக் குலுக்கி, நூற்றுக் கணக்கான முறை மரத்தை மீண்டும் வரைந்து, ஒவ்வொரு கிளையும் நூற்றுக்கு எத்தனை முறை நிலைக்கிறது என்று எழுதி வைப்பார்கள். மரப்படத்தைக் கண்டதும் கிளையருகே அந்த எண் இருக்கிறதா என்று தேடுங்கள். எண் இல்லாத மரத்தை எச்சரிக்கையோடு அணுகுவதே நன்று.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. முலாம்பழப் பூக்களில் தேனீக்கள் புழங்குவதால் அயல் மகரந்தச் சேர்க்கை மிகுதி. ஓர் உழவரின் நாட்டு வகையில் உள்ள செடிகள் அச்சில் வார்த்தவை போல் இருப்பதில்லை; ஒன்றுக்கொன்று சிறிது மாறும். அந்த மாறுபாடே வறட்சியிலும் நோயிலும் சில செடிகளாவது பிழைக்க உதவும் முதலீடு. ஒரு வகைக்கு ஒரே செடியை எடுத்துச் சோதித்தால், அல்லது பல செடிகளின் இலைகளை ஒன்றாக அரைத்துச் சோதித்தால், வகைகளுக்கு இடையே உள்ள வேறுபாடு தெரியும். வகைக்கு உள்ளேயே இருக்கும் செல்வம் கணக்கில் வராது.

பன்னிரண்டு எழுத்தின் வலிமை

இரண்டாவது கேள்வி இன்னும் ஆழமானது. குறிப்பான் எதை அளக்கிறது?

நுண் தொடர்கள் பெரும்பாலும் எந்த வேலையும் செய்யாத இடங்களில் இருப்பவை. அதுதான் அவற்றின் சிறப்பும். உழவன் தெரிந்தெடுத்தாலும் தெரிந்தெடுக்காவிட்டாலும் அவை தம் போக்கில் மாறிக்கொண்டிருப்பதால், காலத்தையும் உறவையும் அளக்க ஏற்றவை. ஆனால் சுவையையும் நிறத்தையும் நோய் தாங்கும் ஆற்றலையும் அவை அளப்பதில்லை.

2014-இல் வெளியான ஒரு கண்டுபிடிப்பைப் பாருங்கள். முலாம்பழம் புளிப்பதா புளிக்காததா என்பதை ஒரு மரபணு தீர்மானிக்கிறது. அதில் பன்னிரண்டு எழுத்துகள் ஒருமுறை இரட்டித்துவிட்டால் பழத்தில் புளிப்பு ஏறுவதில்லை. அதன் பிறகே உலகம் விரும்பும் இனிப்பு முலாம்பழம் உருவாக வழி பிறந்தது. 2015-இல் மற்றொன்று தெரியவந்தது: சதை ஆரஞ்சு நிறம் பெற்றுக் கரோட்டின் சேர்வதற்கு ஒரு மரபணுவில் ஒற்றை எழுத்து மாறினால் போதும்.

இனி எண்ணிப் பாருங்கள். குழம்புக்கான புளிப்பு வகையையும், புளிக்காத வகையையும் பிரிப்பவை 45 கோடியில் பன்னிரண்டு எழுத்துகள். நாம் தொட்டுப் பார்க்கும் இருபது இடங்களில் அது அகப்படும் என்பதற்கு உறுதியில்லை. “இவ்விரு வகைகளும் மரபு வழியில் மிக நெருங்கியவை, இரண்டில் ஒன்றைக் காத்தால் போதும்” என்று மரத்தைப் பார்த்து ஒருவர் முடிவு கட்டினால், அடுப்படியில் அவற்றுக்குள்ள வேறுபாடு முழுவதும் அழிந்துபோகலாம். மரபணு வங்கியில் இடமும் பணமும் குறைவு என்பதால் இத்தகைய முடிவு எடுக்கும் ஆசை எப்போதும் உண்டு. அங்கேதான் இந்த ஆய்வுகளால் ஆபத்து நேரக்கூடும்.

யார் பந்தியில் அமர்ந்தார்கள்?

மூன்றாவது கேள்வி: எந்த எந்த விதைகள் சோதனைக்கு வந்தன?

முலாம்பழத்தின் தாயகம் ஆப்பிரிக்கா என்றுதான் நெடுங்காலம் பாடநூல்கள் கூறின. குக்குமிஸ் இனத்தின் காட்டு உறவுகள் மிகப் பலவாக அங்கிருந்ததே காரணம். 2010-இல் ஆசியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் காட்டு வகைகளைச் சேர்த்து டி.என்.ஏ.யை ஒப்பிட்டபோது மரம் திரும்பிவிட்டது. முலாம்பழத்தின் மிக நெருங்கிய உறவாக ஆஸ்திரேலியாவின் ‘குக்குமிஸ் பிக்ரோகார்ப்பஸ்’ வந்து நின்றது. தாயகம் ஆசியா என்று ஆயிற்று. 2018-இல் வெளியான மற்றோர் ஆய்வு, முலாம்பழங்கள் ஆசியக் கிளை, ஆப்பிரிக்கக் கிளை என்று ஏறத்தாழ இருபது இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்தவை என்றும், இரு கண்டங்களிலும் தனித்தனியே பயிராக்கப்பட்டவை என்றும் கூறியது. அதே ஆய்வு, ‘குக்குமிஸ் டிரைகோனஸ்’ என்ற இந்தியக் கொடியும் நெருங்கிய உறவுகளுள் ஒன்று என்றது. அது பல்லாண்டு வாழ்வது, வறட்சி தாங்குவது. ராக்ஸ்பரோவின் நூல் வழியாக 1832-லேயே பெயர் பெற்ற செடி அது! நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேலாக நம் மண்ணில் படர்ந்து கிடந்ததை யாரும் பந்திக்கு அழைக்கவில்லை. அதனால் மரத்திலும் அதற்கு இடமில்லை.

2019-இல் 1,175 வகைகளின் மரபுத்தொகுதிகளை ஒப்பிட்ட பேராய்வு வந்தது. ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்ட எழுத்து வேறுபாடுகளை அது பட்டியலிட்டது. மூன்று முறை தனித்தனியே இப்பயிர் உருவாயிற்று, அவற்றுள் இரண்டு இந்தியாவில், ஒன்று ஆப்பிரிக்காவில் என்பது அதன் முடிவு. முந்தைய ஆண்டு சொன்ன இரண்டுக்கும் இந்த மூன்றுக்கும் முரண் உண்டா? ஆசியக் கிளையை ஒன்றாக எண்ணினால் இரண்டு; அதற்குள்ளேயே இரு தொடக்கங்களைப் பிரித்தறிந்தால் மூன்று. எண்ணும் முறை மாறியது. சோதித்த விதைகளும் மாறின. இந்தியாவின் இடம் மட்டும் ஒவ்வோர் ஆய்விலும் பெரிதாகிக்கொண்டே வந்திருக்கிறது.

இந்நிலையில் ஒன்றைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. 2012-இல் வெளியான முதல் மரபுத்தொகுதி, கொரிய வகை ஒன்றையும் முன்னர்ச் சொன்ன ஸ்பானிய ‘தேரைத் தோல்’ வகையையும் கலந்து பெற்ற செடியினுடையது. மற்ற வகைகளைப் படிக்க உரைகல்லாக அமைந்தது அதுவே. உரைகல்லில் இல்லாத ஒரு பகுதி இந்திய வகை ஒன்றில் இருந்தால், ஒப்பிட்டுப் படிக்கும்போது அது விடுபட்டுப் போகக்கூடும்.

நல்ல முன்மாதிரி ஒன்று

குறைகளையே அடுக்குவது திறனாய்வு ஆகாது. 2011-இல் ஃபெர்கனி முதலானோர் வெளியிட்ட ஆய்வு நமக்கு மிக அண்மையானது. தென்னிந்தியாவின் ஈரப்பாங்கான வெப்பமண்டலப் பகுதிகளில் சேகரித்த ஐம்பது நாட்டு வகைகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். குறிப்பான்கள் பதினேழு நுண் தொடர்களே, எண்ணிக்கையில் குறைவுதான். ஆனால் அவர்கள் அத்தோடு நிற்கவில்லை. செடியின் வளர்ச்சியையும் பழத்தின் உருவத்தையும் அளந்தார்கள். புளிப்பு, வைட்டமின் சி, கரோட்டின் ஆகியவற்றையும், இரும்பு, துத்தநாகம் முதலிய தாதுக்களையும் கணக்கிட்டார்கள். சாம்பல் நோய், வாடல் நோய், நச்சுயிரி நோய்கள், அசுவினி ஆகியவற்றைத் தாங்கும் வகைகள் உண்டா என்று சோதித்தார்கள். உண்டு என்று கண்டார்கள்.

பதினேழு குறிப்பான்களும் தம் கடமையைச் செய்தன. வடக்கு, கிழக்கு, தெற்கு இந்திய வகைகள் வட்டாரவாரியாக வேறுபடுவதையும், ஸ்பெயின், பிரான்சு, ஜப்பான், கொரியா முதலிய நாட்டு வகைகளோடு இந்திய வகைகளுக்கு நெருக்கம் குறைவு என்பதையும் அவை காட்டின. இவை பெரிய கிளைகள். சில குறிப்பான்களே போதும். நுட்பமான செய்திகளுக்கு வயலையும் சோதனைக் குழாயையும் நாடினார்கள். கேள்விக்கேற்ற கருவியை எடுத்தார்கள் என்பதே இவ்வாய்வின் சிறப்பு. குறிப்பான்களை மட்டும் ஓட்டி, மரம் ஒன்றை வரைந்து, “வேறுபாடு மிகுதி; காக்கப்பட வேண்டும்” என்று ஒற்றை வரியில் முடிக்கும் கட்டுரைகள் இதனிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.

விதைப்பையின் மேல் எழுதிய பெயர்

இதெல்லாம் நுனிப்புல் வாதமா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பழைய வரலாறு விடை தரும்.

1925-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் முலாம்பழக் கொடிகளைச் சாம்பல் நோய் தாக்கியது. அங்கு பயிரிடப்பட்ட இனிப்பு வகைகளால் அதைத் தாங்க முடியவில்லை. பல நாட்டு விதைகளையும் சோதித்தபோது, இந்தியாவிலிருந்து சென்ற வகை ஒன்று நோயின்றி நின்றது. அதன் எதிர்ப்பாற்றலை உள்ளூர் வகைகளில் ஏற்றி, 1936-இல் ‘பி.எம்.ஆர். 45’ என்ற வகையை வெளியிட்டார்கள். 1938-இல் நோய்ப் பூசணத்தின் புதிய வடிவம் ஒன்று தோன்றி அதையும் தாக்கியதாக அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பாற்றலுக்கான தேடல் தொடர்ந்தது. பிற்காலத்தில் ‘பி.ஐ. 414723’ என்ற இந்திய மொமார்டிகா வகை, அசுவினியையும் நச்சுயிரி நோய் ஒன்றையும் தாங்கும் ஆற்றலுக்காக உலக ஆய்வகங்களில் புகழ்பெற்றது. அது நம் வெள்ளரிப்பழத்தின் குழுவைச் சேர்ந்ததே.

பி.எம்.ஆர். 45-க்கு நோய் தாங்கும் ஆற்றலைக் கொடுத்த அந்த இந்திய விதைக்கு வளர்ப்பாளர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? ‘கலிபோர்னியா 525’! பெயரில் இந்தியா இல்லை. எந்த ஊர் என்பதும் இல்லை. எந்த உழவர் வீட்டுப் பரணில் அது தலைமுறை தலைமுறையாக இருந்தது என்பதும் இல்லை.

குறிப்பான்கள் எவ்வளவு கூர்மையானாலும், விதைப்பையில் எழுதாமல் விட்டதை அவை எழுதித் தரமாட்டா. இரண்டு விதைகள் உறவு என்று சொல்லும். அவை எந்த ஊர், யார் காத்தது, எப்போது விதைத்தார்கள், எப்படிச் சமைத்தார்கள் என்பதைச் சொல்லா. நம் நாட்டில் 2001-ஆம் ஆண்டின் பயிர் வகைப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம், ஒரு புதிய வகையின் உருவாக்கத்தில் தங்களுக்குப் பங்குண்டு என்று கிராம மக்கள் உரிமை கோர இடமளிக்கிறது. அந்த வழக்கில் டி.என்.ஏ. குறிப்பான் வலுவான சாட்சியாகலாம். ஆனால் ஒப்பிடுவதற்கு ஊர்ப் பெயரோடு கூடிய விதை ஒன்று இருந்தால்தான் சாட்சிக்கு வாய் திறக்கும்.

எனவே மாணவ நண்பர்களே, இத்தகைய ஆய்வு ஒன்றைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை குறிப்பான்கள், கிளைகளின் உறுதி எவ்வளவு? அளந்தது உறவையா, பயனையா? சோதனைக்கு வந்த விதைகள் எவை, வராதவை எவை?

நான்காவதாக ஒரு வேலையும் உண்டு. வருகிற கோடையில் வெள்ளரிப்பழம் வாங்கினால் விற்பவரிடம் பேச்சுக் கொடுங்கள். எந்த ஊர்க் காய், விதை யாரிடமிருந்து வந்தது, அந்த வகைக்கு அவர் ஊரில் என்ன பெயர் என்று கேளுங்கள். விதைகளைக் கழுவி, நிழலில் உலர்த்தி, அவர் சொன்னதையெல்லாம் தேதியோடு ஒரு தாளில் எழுதிச் சேர்த்து மடித்து வையுங்கள். குறிப்பான்கள் நாளை இன்னும் மலிவாகும், இன்னும் கூர்மையாகும். அந்தத் தாளை மட்டும் இன்றைக்குத்தான் எழுத முடியும்.